பின் டிஸ்க் பிரேக் பேட் ஒரே மழைக்காலத்தில் காலி. இது இயல்பா?

குடமுருட்டிக் கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருக்காட்டுப்பள்ளி பக்கம். என்னிடம் இருப்பது எம்டிபி (மலைப்பாதை வகை) சைக்கிள், முன்னும் பின்னும் கேபிள் இழுக்கிற மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக். காலையில் வயலுக்கு வாய்க்கால் கரையோடு போவேன். ஞாயிறு வந்தால் கல்லணை வரை ஒரு ஓட்டம். சம்பா நடவுக்கு முன்னால்தான் இரண்டு பக்கமும் புது பேட் போட்டேன். மழை விடுவதற்குள் பின்பக்கம் கிறீச்சென்று இரும்புச் சத்தம். முன்பக்க பேடில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.

மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கவலையே வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள். நான் அதில் பாதிகூட ஓட்டியிருக்க மாட்டேன். நம் ஊரில் மலையும் கிடையாது, இறக்கமும் கிடையாது. பிரேக் பிடிக்கிற வேலையே குறைவு. அப்புறம் எப்படித் தேய்ந்தது? ஒரு பேட் உண்மையில் எத்தனை நாள் உழைக்க வேண்டும்?

மேலவீதி ரைடர்:
ரெசின் (பிசின் சேர்த்துச் செய்த) பேடாக இருக்கும். மழையில் ரெசின் சீக்கிரம் கரையும். மெட்டல் பேட் மாற்றிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

மன்னை மெக்கானிக்:
அவசரப்பட வேண்டாம். மெட்டல் பேட் சேற்றில் கூடுதலாக உழைக்கும் என்பது சரிதான். ஆனால் விலை குறைந்த சைக்கிள்களில் வருகிற டிஸ்க் தகட்டில் பெரும்பாலும் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அந்தத் தகட்டின் எஃகு மென்மையானது. மெட்டல் பேட் போட்டால் பேட் நிற்கும், தகடு போய்விடும். முதலில் அதைப் பாருங்கள்.

தம்பி, இன்னும் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றினால் தாராளமாகச் சுற்றுகிறதா? இரண்டு, கழற்றிய பேட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா? மூன்று, வண்டியை எப்படிக் கழுவுகிறீர்கள்?

நாகை உப்புக்காற்று:
அண்ணா கேட்டதற்குப் பதில் வரட்டும், அதற்குள் ஒன்று சொல்கிறேன். கிலோமீட்டர் கணக்கை விட்டுவிடுங்கள் சார். காய்ந்த தார் ரோட்டில், சமவெளியில், ஒரே பேட் பல ஆயிரம் கிலோமீட்டர் வரும். அதே பேட் மணலும் சேறும் சேர்ந்த ஈரத்தில் ஒரே நாள் ஓட்டத்தில் தீர்ந்துபோவதும் உண்டு. இரண்டுமே உண்மை. கடைக்காரர் சொன்ன எண் எந்தச் சாலைக்கு என்பதுதான் கேள்வி.

தடிமனைப் பாருங்கள், அதுதான் நிச்சயம். பிரேக் தயாரிக்கிற ஷிமானோ கம்பெனி சொல்வது: உராயும் பகுதி 0.5 மி.மீ. ஆகிவிட்டால் மாற்ற வேண்டும். ஸ்ராம் கம்பெனி, உராயும் பகுதி ஒட்டியிருக்கிற உலோகப் பின்தகட்டையும் சேர்த்து அளக்கச் சொல்கிறது, மொத்தம் 3 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் ஒன்றோடொன்று கலக்க வேண்டாம். கையில் அளவுகோல் இல்லையா, ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ. தடிமன். டார்ச் அடித்து, உராயும் பகுதியைக் கார்டின் விளிம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட மெலிந்திருந்தால் புது பேட் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

குடமுருட்டிக் கரை:
அண்ணே, பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே தகட்டில் ‘ரெசின் மட்டும்’ என்று இருக்கிறது. சக்கரம் ஸ்ஸ்ஸ் என்று உரசிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிடுகிறது. ஆச்சரியம் பேடில்தான். வெளிப்பக்கத்துப் பேட் நன்றாகவே இருக்கிறது. உள்ளே, சக்கரக் கம்பிப் பக்கத்துப் பேடில் பின்தகடு பளபளவென்று தெரிகிறது. இடையில் ஒருமுறை பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒரு கடையில் விட்டேன், உள்பக்கத் திருகை இறுக்கிக் கொடுத்தார்கள். நடவு நேரத்தில் வாட்டர் சர்வீஸில் கொடுத்துக் கழுவினேன்.

மன்னை மெக்கானிக்:
விஷயம் புரிந்துவிட்டது தம்பி. உங்கள் பேட் பிரேக் பிடித்துத் தேயவில்லை. பிடிக்காத நேரத்திலும் உரசித் தேய்ந்திருக்கிறது.

இந்த வகை மெக்கானிக்கல் காலிப்பரில் (பேடைப் பிடித்து அழுத்துகிற பாகம்) வெளிப்பக்கத்துப் பேட் மட்டும்தான் நகரும். கம்பிப் பக்கத்துப் பேட் ஓரிடத்தில் நிற்கும், திருகு வைத்துத்தான் அதைக் கிட்டவோ தள்ளியோ வைக்க முடியும். லீவர் உடனே பிடிக்க வேண்டும் என்று அந்தத் திருகை முழுக்க உள்ளே ஓட்டினால், பேட் தகட்டைத் தொட்டபடியே நிற்கும். வெயில் காலத்தில் இது மெல்லத்தான் தின்னும். ஆனால் சேற்று உழவு நடக்கிற நாட்களில் நம் ரோட்டைப் பாருங்கள். டிராக்டர் கேஜ் வீலோடு (இரும்புக் கூண்டுச் சக்கரம்) வயலை விட்டு ஏறி, தார் ரோடு முழுக்க வண்டலைக் கட்டி கட்டியாகப் போட்டுவிட்டுப் போகும். முன் சக்கரம் அதை வாரி அடிப்பது நேரே பின் காலிப்பர் மேல்தான். அதனால்தான் முன்பக்கம் தப்பித்தது. வண்டலில் கலந்திருக்கிற நுண்மணல் பேடுக்கும் தகட்டுக்கும் நடுவில் புகுந்தால், என்ஜினுக்கு வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி வேலை செய்யும். ரெசின் அதற்குத் தாங்காது.

புது பேட் போட்ட பிறகு இப்படிச் செய்யுங்கள். கேபிளைத் தளர்த்துங்கள். உள்பக்கத் திருகைச் சுற்றி, பேட் தகட்டை லேசாகத் தொட்டதும் நிறுத்துங்கள். அங்கிருந்து ஒன்றிரண்டு கிளிக் பின்னால் எடுங்கள். சக்கரம் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும், அதுதான் அளவு. அதன் பிறகு கேபிளை இழுத்துக் கட்டுங்கள். லீவர் தளரத் தளர கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே போகாதீர்கள், உள்பேடையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவர வேண்டும்.

கழுவும் விஷயம் இதைவிட முக்கியம். வாட்டர் சர்வீஸில் கழுவி முடித்துக் கடைசியாக டீசல் அடிக்கிற பழக்கம் உண்டு. பைக்குக்கு அடிப்பதை சைக்கிளுக்கும் அடித்துவிடுவார்கள். பேடில் எண்ணெய் இறங்கிவிட்டால் ஊளைச் சத்தம் வரும், பிடிமானம் போய்விடும். உப்புத்தாளில் தேய்ப்பது, அடுப்பில் வாட்டுவது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பிரேக் விஷயத்தில் அதை நம்பாதீர்கள், பேடை மாற்றிவிடுங்கள். வீட்டிலேயே ஒரு குடம் தண்ணீரும் பிரஷும் போதும். வயலிலிருந்து வந்ததும், சேறு காய்வதற்குள் காலிப்பர் இடுக்கில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது சொட்டுச் சொட்டாக விடுங்கள், ஸ்பிரே வேண்டாம்.

குடமுருட்டிக் கரை:
ரொம்ப நன்றி அண்ணே. சர்வீஸில் டீசல் அடித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன், சீட்டுக்குக் கீழே இன்னும் பிசுபிசுப்பு இருக்கிறது. அப்படியானால் தகட்டையும் மாற்ற வேண்டுமா? கீறல் விழுந்திருக்கிறது.

நாகை உப்புக்காற்று:
எண்ணெய்க்காகத் தகட்டை மாற்ற வேண்டியதில்லை சார். மருந்துக்கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். சுத்தமான துணியில் நனைத்து, துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். துடைத்த பிறகு விரல் படக் கூடாது.

கீறலுக்குத் தடிமன்தான் பதில். ஷிமானோ தகடு புதிதில் 1.8 மி.மீ. இருக்கும், 1.5 வந்தால் மாற்ற வேண்டும். உங்கள் தகட்டிலேயே குறைந்தபட்ச அளவைப் பொறித்திருக்கிறதா பாருங்கள். தடிமன் அளக்கிற வெர்னியர் காலிப்பர் லேத் பட்டறையில் கண்டிப்பாக இருக்கும், கேட்டால் அளந்து தருவார்கள். தகட்டின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நகத்தால் தடவும்போது பள்ளம் தட்டினால் உடனே அளந்துவிடுங்கள்.

மேலவீதி ரைடர்:
ரெசின் தகடு விஷயம் எனக்கும் புதிது. என் வண்டியையும் பார்க்கிறேன். புது பேட் போட்டதும் முதல் நாள் பிரேக்கே பிடிக்காத மாதிரி இருக்குமே, அது எதனால்?

மன்னை மெக்கானிக்:
பேட் இன்னும் தகட்டில் படியவில்லை, அதனால்தான். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்றி, நடை வேகம் வரும்வரை அழுத்திப் பிடித்து, முழுக்க நிறுத்தாமல் விட்டுவிட வேண்டும். முன்னுக்கு இருபது தடவை, பின்னுக்கு இருபது தடவை. சக்கரம் லாக் ஆகக் கூடாது. அதைச் செய்யாமல் நேரே சேற்றில் இறக்காதீர்கள்.

குடமுருட்டிக் கரை தம்பிக்கு ஒன்று. தஞ்சாவூருக்கு பேட் வாங்கப் போகும்போது தேய்ந்த பேடைக் கையோடு எடுத்துப் போங்கள். வடிவம் கொஞ்சம் மாறினாலும் காலிப்பரில் உட்காராது. இரண்டு ஜோடியாக வாங்கி, ஒன்றைச் சீட்டுப் பையில் போட்டு வையுங்கள்.