புதுப்பிப்பு: அம்மாவுடன் லூர்து பயணம், விசா வந்துவிட்டது

மூட்டுவலியுள்ள அம்மாவை பிரான்சின் மாதா திருத்தலமான லூர்து நகருக்கு அழைத்துச் செல்ல எப்படித் தயாராவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா கிடைத்துவிட்டது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி. மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் கைப்பையிலேயே வைக்கிறோம். லூர்து திருத்தலத்தில் பக்தர்கள் எடுத்துவரும் ஊற்றுத் தண்ணீரை மட்டும், திரும்பும்போது பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.

ஆன்மிகத் தயாரிப்பில் அம்மா என்னை முந்திவிட்டார். 1858இல் மாதா 18 முறை லூர்தில் பெர்னதெத் என்ற சிறுமிக்குக் காட்சி தந்த வரலாற்றைத் தினமும் ஜெபமாலைக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கச் சொல்கிறார். பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்யாமல் விமானம் ஏறுவதில்லை என்பதும் அவர் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தெருவில் உள்ளவர்களின் மன்றாட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய முழங்கால் அதில் இல்லை! அதை நான் எழுதிச் சேர்த்தேன்.

இரவு 9 மணி மெழுகுதிரிப் பவனிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்லப்போகிறேன். மன்றாட்டு இருந்தால் நீங்களும் எழுதுங்கள், நோட்டில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன.