ஒளிர்வது எந்த என்சைம்? செல் லைசேட்டோடு பட்ட அனுபவங்கள்

செல் லைசேட்டில் (உடைத்த செல்களின் சாறு) பீட்டா குளுக்கோசிடேஸ் என்ற என்சைமை அளப்பது பார்வைக்குச் சுலபம். குளுக்கோஸோடு 4-எம்யூ (பிரிந்தால் ஒளிரும் சாயம்) ஒட்டிய சப்ஸ்ட்ரேட்டை, அதாவது என்சைம் வெட்டும் பொருளை, சேர்த்தால், என்சைம் சர்க்கரையை வெட்டியதும் எம்யூ நீலமாக ஒளிரும். ஒளி வந்தவுடன் "என்சைம் இருக்கிறது" என்று நோட்டில் எழுதிவிட்டு நகர்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இருக்கிறது சரி, எது இருக்கிறது?

காஷே (Gaucher) என்ற பரம்பரை நோய் உள்ளவரின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களை ஒருமுறை அளந்தேன். அந்த நோயில் லைசோசோமில் (செல்லுக்குள் கழிவைச் சிதைக்கும் அமிலப் பை) உள்ள ஜிபிஏ1 என்ற பீட்டா குளுக்கோசிடேஸ் பழுதாகியிருக்கும். ஆனால் பி.எச். 5.8-ல் நன்றாகவே ஒளிர்ந்தது. ஜிபிஏ1-ஐ மீளமுடியாதபடி முடக்கும் கொண்டுரிடால் பி எபாக்சைடைக் குறைந்த செறிவில் சேர்த்தும் ஒளி பெரிதாக இறங்கவில்லை. மிக்லுஸ்டாட் சேர்த்ததும் சரிந்தது. ஆக, ஒளிர்ந்தது லைசோசோமுக்கு வெளியே இருக்கும் இன்னொரு பீட்டா குளுக்கோசிடேஸான ஜிபிஏ2. (மிக்லுஸ்டாட் அந்த நோய்க்கே கொடுக்கும் மருந்து என்பது வேடிக்கை, அதன் இலக்கு வேறு, ஜிபிஏ2-வையும் சேர்த்தே தடுக்கிறது.) அப்புறம் டாரோகோலேட் என்ற பித்த உப்பு கலந்த பஃபரில் அளந்தேன். அது ஜிபிஏ1-ஐத் தூண்டும், ஜிபிஏ2-வை அடக்கும். ஆரோக்கியமான செல்லுக்கும் நோயாளியின் செல்லுக்கும் வித்தியாசம் அப்போதுதான் பளிச்சென்று தெரிந்தது.

இன்னொன்று: எம்யூ அமிலத்தில் மங்கல். காரமான கிளைசின் பஃபரால் வினையை நிறுத்திய பிறகே ப்ளேட் ரீடரில் வைக்க வேண்டும்.

மறுமொழி 1:
அமினோ சர்க்கரையை வெட்டும் ஹெக்சோசமினிடேஸ் என்சைமிலும் இதே கதை. லைசோசோமில் உள்ள ஹெக்ஸ் ஏ, ஹெக்ஸ் பி இரண்டும் அமில பி.எச்.-ல் ஓடுபவை. சைட்டோசோலிலும் நியூக்ளியஸிலும் இருக்கும் ஓஜிஏ என்ற என்சைம் நடுநிலையில் நன்றாக வேலை செய்யும். இரண்டு தரப்பும் ஒரே எம்யூ சப்ஸ்ட்ரேட்டை வெட்டும். பி.எச். 7 பக்கம் வைத்தால் மட்டும் போதும் என்று நான் நம்புவதில்லை. கலாக்டோசமைன் வகைச் சர்க்கரையான கால்நாக்கைத் தாராளமாகச் சேர்த்து லைசோசோம் ஆட்களை ஓரங்கட்டுவேன். மிச்ச ஒளியை ஓஜிஏ-வைத் தடுக்கும் தயாமெட்-ஜி அணைத்துவிட்டால்தான் அது ஓஜிஏ என்று எழுதுவேன்.

மறுமொழி 2:
போம்பே (Pompe) நோய்க்காக வெள்ளணுக்களில், அந்த நோயில் பழுதாகும் அமில ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்சைமைப் பார்ப்பவர்கள் அகார்போஸை மறக்காதீர்கள். நியூட்ரோஃபில்களில் (ஒருவகை வெள்ளணு) உள்ள மால்டேஸ் குளுக்கோஅமைலேஸ் என்ற வேறொரு என்சைம் அதே சப்ஸ்ட்ரேட்டை அமில பி.எச்.-லும் வெட்டும், நோயாளியின் அளவு நார்மல் போலத் தெரியும். சர்க்கரை நோய்க்கு விழுங்கும் அதே அகார்போஸ்தான் இங்கே அதைத் தடுக்கிறது.