பழைய பிக்கப்பை 40 எம்எம் தூக்கணும், என்னென்ன பார்ட்ஸ் மாத்தணும்?

மண்ரோடு:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கறது 1999 மாடல் ஹைலக்ஸ் டபுள் கேப், 4வீல் டிரைவ், முன்னாடி டார்ஷன் பார் (சுருள் ஸ்பிரிங்குக்கு பதிலா முறுக்கி வேலை செய்யற கம்பி), பின்னாடி லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கா பட்டை வச்சது). வண்டில இருக்கற சஸ்பென்ஷன் கம்பெனில இருந்து வந்ததுதான், இதுவரைக்கும் ஷாக் அப்சார்பர் மட்டும் ஒரு தடவை மாத்தியிருக்கு. சுமை ஏத்தி ஏத்தி பின்பக்கம் நல்லா உக்காந்துடுச்சு, பள்ளத்துல இறங்குனா டமார்னு அடிக்குது. பெரிய டயர் போடற ஐடியா எல்லாம் இல்ல, மண் ரோட்ல அடி தட்டாம போகணும், அவ்ளோதான். 40, அதிகபட்சம் 50 எம்எம் தூக்கலாம்னு இருக்கேன். வழக்கமா பாக்கற மெக்கானிக், முன்னாடி டார்ஷன் பாரை முறுக்கிவிட்டு பின்னாடி ஆக்சிலுக்கு மேல ரெண்டு கட்டை வச்சா அரை நாள்ல முடிஞ்சிரும்ங்கறார். எனக்கு என்னவோ மனசு ஒப்பல. கூடவே வேற எதெல்லாம் மாத்தணும்னு செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

பட்டைக்கட்டு:
தம்பி, பார்ட்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்துட்டு போய் நாலு வீலையும் அளந்துடுங்க. தரைல இருந்து அளக்காதீங்க, டயர்ல காத்து கூடக்குறைய இருந்தா அளவு மாறிடும். ஹப் நடுவுல இருந்து நேர் மேல மட்கார்ட் ஓரம் வரைக்கும் அளங்க. ஏன் சொல்றேன்னா, இருபத்தஞ்சு வருஷம் சுமை இழுத்த பட்டை வளைவு போயி தட்டையா கெடக்கும், நீங்க கேக்கற 40 எம்எம்ல பாதி அந்த வண்டி இழந்த உயரமாவே இருக்கலாம். அதை திருப்பிக் கொண்டு வந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

கட்டை வைக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஒத்தக் கட்டை, சின்னது, நல்ல பட்டைக்கு அடியில வச்சா ஓடும்தான், ஆனா சோர்ந்து போன பட்டைக்கு வச்சா அந்த சோர்வு அப்படியேதான் இருக்கும், உயரம் மட்டும் ஏறும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல தூரம் கூடறதால ஆக்சிலரேட்டரை மிதிக்கறப்ப ஆக்சில் முறுக்கிட்டு பட்டை எஸ் மாதிரி வளையும். கட்டை மேல கட்டை மட்டும் எந்தக் காலத்துலயும் வைக்காதீங்க. நீளமான ஷேக்கிள் (பட்டையோட ஒரு முனையை சேஸிஸ்ல மாட்டற ஆடற இணைப்பு) போடறதும் அதே கதைதான், ஷேக்கிள் 50 எம்எம் நீளம் கூடினா வண்டி ஏறறது சுமாரா 25தான், அதோட கிரௌன் (பின் ஆக்சில் நடுவுல இருக்கற கியர் உருண்டை) மூக்கு மேல பாக்க திரும்பி, அதுக்கு சக்தி கொண்டு வர்ற புரொப்பல்லர் ஷாஃப்ட்டோட ஜாயின்ட் கோணம் மாறும், கிளம்பறப்ப ஒரு நடுக்கம் வரும்.

என் பேச்சைக் கேட்டா புது பட்டை செட் முழுசா போடுங்க, 30-40 எம்எம் வளைவு கூடுதலா இருக்கறது கிடைக்கும். ஆனா எவ்ளோ சுமைக்குன்னு பாத்து வாங்குங்க, காலியா ஓடற வண்டிக்கு சுமை பட்டை போட்டா முதுகு போயிடும். கூடவே ஐ புஷ் (பட்டை முனை வளையத்துல இருக்கற ரப்பர்), ஷேக்கிள் புஷ், சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவுல சேக்கறது), யு போல்ட் (பட்டையை ஆக்சிலோட கட்டறது) நாலும் புதுசு. யு போல்ட் ஒரு தடவை முறுக்கினா இழுபட்டுடும், பழசைக் கழட்டி திரும்பப் போடக்கூடாது.

ஸ்பானர்14:
பின்பக்கம் பட்டைக்கட்டு அண்ணன் சொல்லிட்டார், நான் முன்பக்கம் சொல்றேன். டார்ஷன் பாரை முறுக்கினா ஸ்பிரிங் கெட்டியாகும்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, அது தப்பு, கம்பியோட கெட்டித்தனம் மாறவே மாறாது, வீல் நிக்கற இடம் மட்டும்தான் கீழ போகுது. அப்புறம் ஏன் வண்டி கல்லு மாதிரி ஓடுதுன்னா, வீல் கீழ தொங்கறதுக்கு இடமில்லாம போயிடுது. மேல் ஆர்ம் (வீலை சேஸிஸோட இணைக்கற மேல் கை) ஏற்கனவே ரீபவுண்ட் ரப்பர் (வீல் அளவுக்கு மேல தொங்காம தடுக்கறது) கிட்ட உக்காந்திருக்கும், சின்ன குழிக்கு கூட வீல் இறங்காம டக்கு டக்குனு ரப்பர்ல முட்டும். அதனால முன்னாடி 25, ரொம்ப ஆசைப்பட்டா 30 எம்எம், அதோட நிறுத்துங்க. ஜாக்கி போட்டு வீலைத் தொங்கவிட்டு, சுமை இல்லாதப்பதான் அட்ஜஸ்டர் போல்ட்டைத் திருப்பணும், அதுக்கு முன்னாடி போல்ட் எவ்ளோ மரை வெளிய இருக்குன்னு ரெண்டு பக்கமும் எழுதி வச்சுக்கோங்க. இறக்கினதும் உடனே அளக்காம வண்டியை முன்ன பின்ன கொஞ்சம் ஓட்டிட்டு அளங்க, இல்லாட்டி தப்பான அளவுதான் வரும்.

மாத்த வேண்டியதுன்னா மேல கீழ பால் ஜாயின்ட் (ஆர்மையும் வீலையும் சேக்கற உருண்டை மூட்டு), ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாம பிடிக்கற கம்பியோட இணைப்பு). ஐட்லர் ஆர்ம்ல (ஸ்டீயரிங் கம்பியைத் தாங்கற கை) ஆட்டம் இருந்தா அதையும் சேத்துடுங்க. உயரம் கூடினா சிவி ஜாயின்ட் (முன் வீலை சுத்தற ஷாஃப்ட்டோட மூட்டு) கோணம் அதிகமாகும், அது மேல இருக்கற ரப்பர் பூட் பழசா இருந்தா மடிப்பு உரசி கிழிஞ்சு கிரீஸ் வெளிய வந்துடும், அதனால அதையும் பாருங்க. வேலை முடிஞ்ச அன்னைக்கே அலைன்மென்ட், கேம்பரும் (வீல் மேல கீழ சாயற கோணம்) டோவும் (வீல் உள்பக்கம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கற அளவு) கண்டிப்பா மாறியிருக்கும், விட்டா டயர் ஒரு ஓரமா தின்னுடும்.

ஈரமண்:
நான் செஞ்ச ரெண்டு தப்பை சொல்றேன், நீங்க செஞ்சுடாதீங்க. இதே மாதிரி வண்டிதான்.

முதல் தப்பு, கீழ் ஆர்ம் புஷ் எல்லாம் புதுசா போட்டு, வீல் தொங்கிட்டு இருக்கும்போதே போல்ட்டை ஃபுல் டைட் பண்ணிட்டேன். அந்த ரப்பர் உள் குழாயோட ஒட்டியிருக்கும், தொங்கற நிலைல பூட்டிட்டா வண்டியை இறக்கினதுமே ரப்பர் முறுக்கிட்டு நிக்கும், நின்ன இடத்துலயே முறுக்கு. ஒரே மழைக்காலம், கழட்டிப் பாத்தா உள்ள சுத்திவர கிழிஞ்சு, விரலால தள்ளினா குழாய் தனியா வருது. பட்டை ஐ போல்ட்டுக்கும் இதேதான். கையால முடுக்கி விட்டுட்டு, வண்டியை நாலு வீல்லயும் நிக்க வச்சு, ரெண்டு தடவை அமுக்கி ஆட்டி, அப்புறம்தான் டைட்.

ரெண்டாவது இன்னும் முக்கியம், உயிர் சம்பந்தப்பட்டது. பின் ஆக்சிலுக்கு மேல சேஸிஸ்ல ஒரு பிரேக் வால்வு இருக்கும், அதுல இருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்கு வரும். வண்டி சுமையா காலியான்னு அந்தக் கம்பியை வச்சுதான் வால்வுக்குத் தெரியும். தூக்கினதும் ஆக்சில் தள்ளிப் போறதால வால்வு வண்டி காலின்னு நெனச்சு பின் பிரேக்குக்கு ஆயிலைக் குறைச்சுடும். எனக்கு சுமையோட இறக்கத்துல வரும்போதுதான் தெரிஞ்சுது, முன் பிரேக் மட்டும் கொதிக்குது, வண்டி நிக்க மாட்டேங்குது. எத்தனை எம்எம் தூக்கினீங்களோ அத்தனை எம்எம் அந்தக் கம்பி பிராக்கெட்டையும் ஏத்தியே ஆகணும். பிரேக் ஹோஸும் வீல் முழுசா தொங்கறப்ப விறைப்பா இழுக்குதான்னு பாருங்க.

மண்ரோடு:
அண்ணன்களுக்கு ரொம்ப நன்றி. இன்னைக்கு காலைல அளந்தேன். முன்னாடி வலதை விட இடது 14 எம்எம் கம்மி. பின்னாடி அடில படுத்து டார்ச் அடிச்சா மூணாவது பட்டைல சென்டர் போல்ட் கிட்ட துருப்புடிச்ச கோடு, பிரஷ் போட்டுத் தேச்சா விரிசல்! ஆக்சில் மேல வந்து சேஸிஸ்ல இடிக்காம தடுக்கற பம்ப் ஸ்டாப் ரப்பர் ஒரு பக்கம் இல்லவே இல்ல, டமார் சத்தம் அங்கதான் போல. கட்டை ஐடியாவை விட்டாச்சு, முழு பட்டை செட்தான். ஒரு சந்தேகம், ஷாக் பழசே போதுமா? முன்னாடி பால் ஜாயின்ட் ஸ்பேசர்னு ஒண்ணு சொல்றாங்களே, அது?

ஸ்பானர்14:
பின் ஷாக் நீளமானது வேணும். பழசு போட்டா பட்டை முழுசா இறங்கறதுக்கு முன்னாடி ஷாக்தான் இழுத்துப் பிடிக்கும், சீக்கிரம் ஆயில் கக்கிடும். அதே சமயம் ரொம்ப நீளமானா பம்ப் ஸ்டாப்ல முட்டறதுக்கு முன்னாடி ஷாக் உள்ளயே முட்டும், அதனால முழுசா தொங்கறப்ப ஒண்ணு, முழுசா அமுங்கறப்ப ஒண்ணுன்னு ரெண்டு அளவும் எடுத்துட்டுப் போய் வாங்குங்க. முன்னாடி 25 எம்எம்க்கு ஸ்டாண்டர்ட் நீளமே போதும், நல்ல நிலைல இருந்தா சரி.

ஸ்பேசர், அதாவது மேல் ஆர்முக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் நடுவுல வைக்கற துண்டு, வீலுக்கு தொங்கற இடத்தைத் திருப்பிக் கொடுக்கும், உண்மைதான், ஆனா அந்தக் கூடுதல் தொங்கல்ல சிவி ஜாயின்ட் இன்னும் வளையும். போட்டா வீலை முழுசா தொங்கவிட்டு கையால சுத்திப் பாருங்க, எங்கயாச்சும் பிடிச்சா வேண்டவே வேண்டாம். உங்க 25 எம்எம்க்கு எனக்கு தேவையாத் தெரியல.

பட்டைக்கட்டு:
விரிசல் விட்ட பட்டையோட இனி சுமை ஏத்தாதீங்க தம்பி, செட் வர்ற வரைக்கும் காலியாவே ஓட்டுங்க. மாத்தினப்புறம் ஒரு 500 கிலோமீட்டர் ஓடினதும் யு போல்ட்டை டார்க் ரென்ச் வச்சு திரும்ப டைட் பண்ணுங்க, புது பட்டை அமர்ந்து கண்டிப்பா கொஞ்சம் இளகியிருக்கும். ஹெட்லைட்டையும் திரும்ப செட் பண்ணுங்க, பின்பக்கமும் முன்பக்கமும் ஒரே அளவு ஏறாது, வெளிச்சம் விழற இடம் மாறிடும்.

மண்ரோடு:
சரிண்ணே. பட்டை, யு போல்ட், புஷ், பம்ப் ஸ்டாப், பால் ஜாயின்ட் எல்லாம் ஆர்டர் சொல்லியாச்சு. பிரேக் கம்பி பிராக்கெட்டுக்கு இப்பவே ஓட்டை அளவு எடுத்துட்டேன். வேலை முடிஞ்சதும் நாலு வீல் அளவையும் இங்கயே போடறேன்.