கப்பலில் ஃபாரெக்ஸ் கார்டு பணத்தைப் பிடித்து வைத்துவிட்டார்கள், பினாங்கு ஏடிஎம்மில் காசு வரவில்லை. உதவி தேவை

தில்லைநகர்க்காரி (காலை 10.40)

அவசரம். நேற்று சாயங்காலம் சிங்கப்பூர் மரினா பேயில் கப்பல் ஏறினோம். நான், வீட்டுக்காரர், மாமனார், மாமியார். நாலு ராத்திரி: மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட், திரும்ப சிங்கப்பூர்.

கப்பலுக்குள்ளே காசே வாங்குவதில்லை. ரூம் சாவி அட்டையிலேயே எல்லாம் கணக்காகிறது, அதோடு ஒரு கார்டை இணைக்கணும். திருச்சியில் 800 அமெரிக்க டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டைக் (வெளிநாட்டுச் செலவுக்கான ப்ரீபெய்டு கார்டு) கொடுத்துவிட்டேன். சிங்கப்பூரில் 190 செலவு, மீதி 610 இருக்கணும். காலையில் இறங்கி ஏடிஎம்மில் 200 ரிங்கிட் (மலேசியப் பணம்) கேட்டால் போதிய இருப்பு இல்லை என்கிறது. ஆப்பில் 22 டாலர்தான் இருக்கு! ஏறும்போது 300, நள்ளிரவில் 288 பிடித்ததாக இரண்டு பதிவு. கப்பலில் இதுவரை ஒரு காபி கூட வாங்கவில்லை.

கிரெடிட் கார்டைத் தேய்த்தால் அதுவும் மறுக்கிறது. கையில் 14 சிங்கப்பூர் டாலர், மாமனார் இடுப்புப் பையில் 6,000 ரூபாய் இந்திய நோட்டு. நாலரைக்குள் கப்பலில் இருக்கணும். பெரியவங்க இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்திருக்காங்க. யாராவது சொல்லுங்க.

பினாங்கு அண்ணன்

தங்கச்சி, முதல்ல அந்த ரூபாயை மாத்துங்க. கப்பல் துறையிலிருந்து மணிக்கூண்டு தாண்டி நடந்தா பத்து நிமிசத்துல லிட்டில் இந்தியா, லெபு பாசார் தெரு. அங்க காசு மாத்துற கடையில தமிழ்லயே பேசலாம், பல தலைமுறையா நம்ம தமிழ் முஸ்லிம்கள் செய்யுற தொழில். ரெண்டு கடையில விலை கேட்டுட்டு கொடுங்க. சிங்கப்பூர் காசும் எடுப்பாங்க. கிடைக்கிற வெள்ளி (ரிங்கிட்டை இங்க அப்படித்தான் சொல்லுவோம்) நாலு பேர் சாப்பாட்டுக்கும் டாக்சிக்கும் தாராளம். பெரியவங்கள ஃபேன் ஓடுற கடையில உட்கார வைங்க, மத்தது அப்புறம்.

ஓய்வுபெற்ற கேஷியர்

அம்மா, பணம் எங்கும் போகவில்லை, பயப்படாதீர்கள். 300 என்பது முன்பிடிப்பு. நீங்கள் செலவு செய்வீர்கள் என்று கப்பல்காரர்கள் முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது. 288 பெரும்பாலும் ஊழியர் டிப்ஸ் கணக்காக இருக்கும்: நாளுக்கு ஆளுக்கு 18 டாலர், நாலு பேர், நாலு ராத்திரி என்று பெருக்கிப் பாருங்கள்.

கிரெடிட் கார்டில் முன்பிடிப்பு விழுந்தால் உங்கள் வரம்புதான் குறையும். ஃபாரெக்ஸ், டெபிட் கார்டுகளில் உங்கள் சொந்தக் காசே முடங்கும். அதனால்தான் கப்பல் கணக்குக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று வங்கிக் கவுண்டருக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிரெடிட் கார்டு ஏன் மறுக்கிறது? 2020 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாகவோ மாற்றியோ தரும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் ஆப்பில் திறக்க வேண்டும். கரையில் இருக்கும்போதே செய்யுங்கள். நடுக்கடலில் ஓடிபி வராமல் திண்டாடுவீர்கள். கடையில் தேய்ப்பதற்கு மட்டும் திறங்கள், ஏடிஎம்மைத் தொட வேண்டாம். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

தில்லைநகர்க்காரி

ஆமா ஐயா, பெருக்கினால் சரியாக 288!

ரூபாயை மாத்திட்டோம். மாமியார் இப்போ வாழையிலையில் ரசம் ஊற்றிச் சாப்பிடறாங்க. வீட்டுக்காரர் போன் நேற்றிலிருந்து ஃப்ளைட் மோடில் இருந்தது. எடுத்துவிட்டதும் மலேசியா நெட்வொர்க் பிடித்து, இரண்டு நிமிஷத்தில் ஓடிபி வந்தது. கார்டு திறந்தாச்சு. இனி கப்பலில் என்ன சொல்லணும்?

மூணு தடவை கப்பல் போனவன்

அக்கா, ஏறினதும் கெஸ்ட் சர்வீஸ் கவுண்டருக்குப் போங்க, ராத்திரி ஆனா வரிசை நீளும். "இந்தக் கார்டை எடுத்துட்டு இந்த கிரெடிட் கார்டைப் போடுங்க, பழைய பிடிப்பை விடுவிங்க"ன்னு கேளுங்க. பேச்சோட விடாதீங்க, மாத்தினதுக்கு ஒரு காகிதம் வாங்கிக்கோங்க. கிரெடிட் கார்டு இல்லாதவங்க அங்கேயே டாலர் நோட்டா முன்பணம் கட்டலாம், மிச்சத்தை கடைசியில திருப்பித் தருவாங்க. இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 டாலர் வரை நோட்டா கொண்டு வரலாம், அடுத்த தடவை ஒரு பகுதியை அப்படி வச்சுக்கோங்க. கசங்கின, கிழிஞ்ச டாலர் மட்டும் வேண்டாம், பல இடத்துல வாங்க மாட்டாங்க.

புக்கெட்டில் டுக்டுக் வண்டிக்கு ரொக்கம்தான். அங்க ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் 220 பாட்டாவது (பாட் தாய்லாந்துப் பணம்) தனியா பிடிப்பாங்க, அதனால மிச்ச வெள்ளியை பினாங்கிலேயே பாட்டா மாத்திட்டு ஏறுங்க. கடையில மெஷின் "ரூபாயா, பாட்டா"ன்னு கேட்டா பாட்டையே அழுத்துங்க. ரூபாய்ன்னா கணக்கு புரியற மாதிரி இருக்கும், ஆனா மாற்று விகிதம் அவங்க வச்சதுதான். நான் ஒரு சட்டைத் துணிக்கு அப்படி ஏமாந்திருக்கேன்.

ஓய்வுபெற்ற கேஷியர்

இன்னொன்று. இறங்கும் நாள் காலையில் கடைசி பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிடிப்பு விடுபடத் தாமதமானால், அந்தப் பில்லோடு கார்டு கொடுத்த வங்கிக்கு மெயில் போட வேண்டும். முழுத் தொகையும் வேறு கார்டில் கட்டப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

தில்லைநகர்க்காரி (இரண்டு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. கவுண்டரில் இருந்த பெண் ஐந்து நிமிஷத்தில் கார்டை மாற்றிவிட்டார், காகிதமும் தந்தார். மொத்த பில் 341 டாலர், கிரெடிட் கார்டில் போனது. புக்கெட்டில் பாட் கையில் இருந்ததால் மாமனாரை நடக்க விடாமல் வண்டியிலேயே சுற்றிக் காட்ட முடிந்தது.

ஃபாரெக்ஸ் கார்டில் 288 நாலாம் நாள் திரும்பியது. 300 வரவே இல்லை. ஐயா சொன்ன மாதிரி பில்லையும் காகிதத்தையும் இணைத்து மெயில் போட்டேன். வீடு வந்த ஒன்பதாம் நாள், நேற்று காலை, அதுவும் வந்து ஆப்பில் 610 காட்டுகிறது.