போர்டை மாற்றினால் போதுமா, பழுது பார்க்கத் தெரிய வேண்டுமா?

பற்றுக்கோல்:
"இனி டெக்னீஷியன் என்றால் பழுதான சர்க்யூட் போர்டைக் கழற்றிப் புதியது மாட்டுகிறவர்தான்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு மில்லில் மெயினைப் போட்டார்கள். ஆறு ஆண்டுகள் ஓடிய டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) கிளம்பவில்லை. டிஸ்ப்ளே மின்னி மின்னி அணைகிறது. காதை வைத்தால் 'டிக், டிக்'. போர்டே போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். திறந்து பார்த்தேன். பவர் சப்ளையில், அதை இயக்கும் 3842 என்ற ஐசிக்குப் பக்கத்தில், ஹீட்சிங்கை ஒட்டி ஒரு சின்ன 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். உப்பவில்லை, ஒழுகவில்லை. ஈஎஸ்ஆர் மீட்டரை (கெப்பாசிட்டரின் உள்தடையை அளக்கும் கருவி) வைத்ததும் உள்ளே காய்ந்துபோனது தெரிந்தது. அந்த ஐசி சுமார் 16 வோல்ட்டில் விழிக்கும், 10க்குக் கீழே இறங்கினால் படுத்துவிடும். விழித்த ஐசிக்கு நிலையான மின்சாரம் வந்து சேரும்வரை அந்த வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்கக் காய்ந்த கெப்பாசிட்டரால் முடியவில்லை. ஓடும்வரை மறைந்திருந்த நோய், நிறுத்தியதும் வெளியே வந்தது. கெப்பாசிட்டர் விலை பத்து ரூபாய்கூட இல்லை.

மில் பராமரிப்பு:
ஐயா, பொருள் பத்து ரூபாய்தான். மிஷின் நின்ற நேரத்துக்கு யார் கணக்குச் சொல்வது? எங்களிடம் ஒருவர் வெடித்த ஐஜிபிடியை (மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் பவர் டிரான்சிஸ்டர்) மட்டும் மாற்றிக் கொடுத்தார். மாட்டிய பத்தாவது நிமிடம் மறுபடியும் வெடித்தது. இன்னொன்று: 415 வோல்ட் மூன்று பேஸை டிசியாக்கினால் 580 வோல்ட்டுக்கு மேல். மெயினை அணைத்த பிறகும் அது உள்ளேயே நிற்கும். பயிற்சி இல்லாத பையனை அதற்குள் கை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

பற்றுக்கோல்:
அது அரைகுறைப் பழுதுபார்ப்பு. ஐஜிபிடி வெடித்தால் அதை ஓட்டும் கேட் டிரைவர் சர்க்யூட்டும், ஒளி வழியாக அதற்குச் சிக்னல் கடத்தும் ஆப்டோகப்ளரும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். அவற்றைப் பார்க்காமல் புதியதை வைத்தால் வெடிக்கத்தான் செய்யும். டிசி வழியில் 100 வாட் குண்டு பல்புகள் சிலவற்றைத் தொடரில் போட்டுச் சோதித்திருந்தால் அவை எரிந்து காட்டிக்கொடுத்திருக்கும், ஐஜிபிடி பிழைத்திருக்கும். மின்சாரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் என்னிடம் வரும் பையன்கள் முதல் மாதம் மீட்டரில் டிசியை அளந்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும்.

டிப்ளமோ பையன்:
அண்ணா, கற்றுக்கொள்ள எங்களுக்கும் ஆசைதான். நான் இருந்த சர்வீஸ் சென்டரில் சர்க்யூட் வரைபடம் கண்ணில் காட்டவில்லை. சில ஐசிகளின் எண்ணையே அழித்திருப்பார்கள். பழைய ஈயப்பற்று (சால்டர்) 183 டிகிரியில் உருகும். இப்போதைய ஈயமில்லாப் பற்றுக்குச் சுமார் 217 வேண்டும். அந்தச் சூட்டில் கை தடுமாறினால் போர்டின் செம்புத் தடமே பெயர்ந்து வந்துவிடுகிறது. பழுதாக்கினால் சம்பளத்தில் பிடித்தார்கள். பிறகு யார் துணிவார்கள்?

மில் பராமரிப்பு:
தம்பி சொல்வது உண்மை. ஆனாலும் ஷிஃப்ட் நடுவில் போர்டை மாற்றத்தான் சொல்வேன், அதில் மாற்றமில்லை. கழற்றிய போர்டைக் குப்பையில் போடுவதுதான் தவறு என்று இப்போது படுகிறது. எங்கள் ஸ்டோரில் அப்படி ஏழு போர்டுகள் கிடக்கின்றன.

பற்றுக்கோல்:
ஏழையும் அனுப்புங்கள் ஐயா. தம்பி, ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வா. முதல் இரண்டை நீ திற, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தடம் பெயர்ந்தால் ஒட்டுவதற்குச் செம்புக் கம்பி இருக்கிறது.