எசன்ஷியல் ஆயில், கேரியர் ஆயில், நோட்: தமிழில் என்ன சொல்லலாம்? (அவசரம்)

தே. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே வாசனை எண்ணெய்களைக் கலக்கப் பழகுகிறவர்களுக்கான சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று சொற்களில் நிற்கிறேன். 'எசன்ஷியல் ஆயில்' (செடிகளிலிருந்து எடுக்கும் செறிந்த மண எண்ணெய்) என்பதை இணையத்தில் பலரும் 'அத்தியாவசிய எண்ணெய்' என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்புறம் 'கேரியர் ஆயில்', அதாவது அதைக் கலந்து தோலில் தடவுவதற்கான பாதாம் எண்ணெய் போன்றது. மூன்றாவது, மணத்தின் 'டாப், மிடில், பேஸ் நோட்': கலவையில் முதலில் எழும் மணம், இடையில் வருவது, கடைசிவரை நிற்பது. 'டைல்யூட்' என்பதற்கு 'நீர்த்தல்' என்று போட்டுவிட்டேன், அதில் சிக்கல் இல்லை.

ந. எழுதியது:

'அத்தியாவசிய'த்தை உடனே அடித்துவிடுங்கள். இங்கே 'எசன்ஷியல்' என்பது 'தேவையான' என்ற பொருளில் வரவில்லை, 'எசன்ஸ்', அதாவது சாரம் என்பதிலிருந்து வந்தது. நான்கு பூதங்களுக்கும் அப்பால் ஐந்தாவது ஒன்று உண்டு என்று பழைய கிரேக்கர் நம்பினார்கள். ஒவ்வொரு பொருளுக்குள்ளும் அப்படி ஒரு 'ஐந்தாம் சாரம்' இருக்கிறது, அதைப் பிரித்தெடுக்கலாம் என்று 16-ஆம் நூற்றாண்டில் மருத்துவரும் ரசவாதியுமான பாராசெல்சஸ் போன்றவர்கள் முயன்றார்கள். பெயரின் வேர் அங்கேதான்.

எனக்கு 'எண்ணெய்' என்பதிலும் தயக்கம் உண்டு. நல்லெண்ணெயைத் தாளில் ஒரு சொட்டு விட்டால் கறை நிற்கும். லாவெண்டரை விட்டால் பெரும்பாலும் பறந்துவிடும். கொழுப்பு கிடையாது, பெரும்பாலும் டெர்பீன்கள் என்னும் எளிதில் ஆவியாகும் சேர்மங்கள். 'ஆவியாகும் எண்ணெய்' என்பது பாடநூல் வழக்கு.

ம. எழுதியது:

சுருக்கி 'ஆவியெண்ணெய்' என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள். மந்திரவாதிக்குத்தான் அது உதவும்.

புலவர் க. எழுதியது:

அன்புடையீர், சொல் நம்மிடமே இருக்கிறது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி கூந்தல் நீராடும் இடம்: 'பத்துத் துவரினும் ஐந்து விரையினும் முப்பத்திரு வகை ஓமாலிகையினும்' ஊறிய நன்னீர், அதையடுத்தே 'உரைத்த நெய்'. விரை என்றால் நறுமணப் பொருள். கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்று ஐவிரையைப் பழைய உரை எண்ணிச் சொல்கிறது. நெய் என்பது எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயர். 'எண்ணெய்' எள்ளின் நெய் மட்டுமே. 'லாவெண்டர் எண்ணெய்' என்பது லாவெண்டரிலிருந்து எள்ளைப் பிழிந்த கதை. ஆகவே 'விரைநெய்'.

மேலும், கிரேக்கரின் அந்த ஐந்தாம் பூதம் நம் விசும்பே. 'விசும்புநெய்' என்றும் ஒரு மாற்று வைக்கிறேன்.

ம. எழுதியது:

ஐயா, உங்கள் படிப்புக்கு வணக்கம். ஆனால் 'விரைநெய்' என்று படித்தவுடன் இன்றைய வாசகர் 'சீக்கிரம் உருகும் நெய்' என்றுதான் எடுத்துக்கொள்வார். வாங்கிவந்து சாப்பாட்டில் ஊற்றிக்கொண்டால் யார் பொறுப்பு? இவை உள்ளுக்குச் சாப்பிடக் கூடியவை அல்ல.

தே. அவர்களே, 'நறுமண எண்ணெய்' என்று போடுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஆய்வகத்தில் செய்யும் 'ஃப்ராக்ரன்ஸ் ஆயில்' என்று ஒன்று இருக்கிறது. மெழுகுவர்த்திக்கும் சோப்புக்கும் போடுவது. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் ஏமாறுகிறார்கள். பெயரிலேயே வேறுபாடு தெரிய வேண்டும்.

தே. எழுதியது:

'வடிமண எண்ணெய்'? காய்ச்சி வடிப்பது என்ற பொருளில்.

ந. எழுதியது:

எலுமிச்சையும் ஆரஞ்சும் பெரும்பாலும் வடிப்பதில்லை, தோலை நசுக்கிப் பிழிகிறார்கள். இது வெறும் வகைப்பாட்டுச் சண்டை இல்லை. பிழிந்தெடுத்த பெர்கமோட்டில் (ஆரஞ்சு இனப் பழம் ஒன்றின் எண்ணெய்) வெயில் பட்டால் தோலைச் சுடும் பொருள்கள் உண்டு. காய்ச்சி வடித்த எலுமிச்சையில் அந்தத் தொல்லை கிடையாது. எல்லாவற்றையும் 'வடி' என்றால் அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

ம. எழுதியது:

அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று யார் கண்ணிலும் படவில்லை. 'நீர்த்தல்'.

கையேட்டில் 'தோலில் தடவும் முன் எண்ணெயை நீர்க்கச் செய்யவும்' என்று வந்தால் புதியவர் என்ன செய்வார்? தண்ணீர் ஊற்றுவார். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். வாளித் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் குளிப்பவருக்கு நடப்பதும் இதுதான்: செறிவு கொஞ்சமும் குறையாத துளி அப்படியே தோலில் போய் ஒட்டும். இலவங்கப்பட்டையோ கிராம்போ என்றால் கொப்புளம்கூட வரலாம். வேறு எண்ணெயில்தான் கலக்க வேண்டும். 30 மி.லி. பாதாம் எண்ணெய்க்குச் சுமார் 12 துளி விட்டால் 2 விழுக்காடு, உடம்புக்கு அது போதும். முகத்துக்கு அதே 30 மி.லி.க்கு 6 துளியே அதிகபட்சம். பெர்கமோட் என்றால் 0.4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, தடவிய இடத்தில் 12 மணி நேரமாவது வெயில் படக் கூடாது. இவ்வளவையும் சரியாக மொழிபெயர்த்துவிட்டு, வினைச்சொல்லில் தண்ணீரை ஊற்றிவிடலாமா?

ந. எழுதியது:

'நீர்த்த அமிலம்' என்று வகுப்பில் தினமும் சொல்கிறேன். அமிலத்துக்குத் தண்ணீர் பொருந்தும், அதனால் உறுத்தவில்லை. இங்கே ம. சொல்வதே சரி.

புலவர் க. எழுதியது:

நீர்த்தல் என்பது நீர் கலத்தல் மட்டுமன்று, தன்மையில் நெகிழ்தலும் ஆகும். 'வாதம் நீர்த்துப்போனது' என்கிறோமே, அங்கே யார் நீர் ஊற்றினார்?

ம. எழுதியது:

வாதத்தைத் தோலில் தடவிக்கொள்வதில்லையே ஐயா.

இ. எழுதியது:

வணக்கம். இலங்கைப் பாடநூல்களில் இதற்கு 'ஐதாக்கல்' என்றுதான் படித்தோம். ஐதான அமிலம், செறிந்த அமிலம். 'ஐது' என்றால் மெல்லியது, நுண்ணியது. நீரும் இல்லை, நெருப்பும் இல்லை. பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதும் சொல், புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

புலவர் க. எழுதியது:

அருமை! 'ஐ வியப்பாகும்' என்பது தொல்காப்பிய உரியியல். ஐ என்பதற்குத் தலைவன், அழகு, நுண்மை, கோழை என்றும் பொருள் உண்டு. ஐந்து என்னும் எண்ணும் இங்கே தொடர்புடையதோ என்று ஐயுறுகிறேன். அவ்வாறாயின் ஐந்தாம் சாரமும் ஐதாக்கலும்...

ந. எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை.

தே. எழுதியது:

'ஐதாக்கல்' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தக் கையேட்டின் வாசகர்களில் பலர் அந்தச் சொல்லைக் கேட்டதே இருக்காது. ஒருவரிடம் படித்துக் காட்டினேன், 'ஐந்தாக்கல்' என்று கேட்டுக்கொண்டு 'ஐந்து மடங்கா?' என்றார். அளவு சொல்லும் இடத்தில் இந்தக் குழப்பம் ஆபத்து. 'செறிவு குறைத்தல்' என்று போடலாமா? இதற்கிடையில் 'நோட்' இருக்கிறது, அதையும் பாருங்கள்.

புலவர் க. எழுதியது:

மணத்தை இசையோடு ஒப்பிட்டது வெள்ளையர் வழக்கு. அப்படியே கொண்டாலும் நம்மிடம் வலிவு, சமன், மெலிவு என்று மூன்று தானங்கள் (குரலின் மேல், நடு, கீழ் நிலைகள்) உள்ளன. எலுமிச்சை வலிவு, லாவெண்டர் சமன், சந்தனம் மெலிவு.

ம. எழுதியது:

சந்தனம் மெலிவா? கலவையிலேயே கடைசிவரை நிற்பது அதுதான்! வெட்டிவேரை மெலிவு என்றால் புதியவர் இன்னும் பத்துத் துளி சேர்ப்பார், அப்புறம் வேறெந்த மணமும் எழும்பாது.

ந. எழுதியது:

19-ஆம் நூற்றாண்டில் பியெஸ் என்ற வாசனைத் திரவியக் கலைஞர் மணங்களைச் சுரவரிசையில் அடுக்கினார். அழகான கற்பனைதான். உண்மையில் இது மேல் கீழ் என்ற உயரக் கணக்கு இல்லை, நேரக் கணக்கு. எலுமிச்சையில் மிகுந்திருக்கும் லிமோனீன் சிறிய மூலக்கூறு, முதலில் பறக்கும். சந்தனத்தின் சாண்டலால் பெரியது, மெதுவாகக் கிளம்பும். அதனால்தான் கலந்தவுடன் முகர்ந்து முடிவு செய்யாமல் ஓரிரு நாள் மூடிவைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பெயரும் நேரத்தைச் சொல்லட்டும்: முதல்மணம், நடுமணம், இறுதிமணம்.

ம. எழுதியது:

யாருடைய வாழ்க்கை வரலாறு இது? மறுமணம் எங்கே?

இ. எழுதியது:

'அடிமணம்' என்பது பாலை அடிப்பிடிக்க விட்டதுபோல் இருக்கிறது, அதுவும் வேண்டாம். 'பேஸ்' என்பதற்கு அடிப்படை என்று போட்டால் கேரியர் ஆயிலையும் சிலர் 'அடிப்படை எண்ணெய்' என்கிறார்கள், இரண்டும் மோதும். முந்துமணம், நடுமணம், தங்குமணம் எப்படி? கேரியருக்குத் 'தாங்கெண்ணெய்'.

புலவர் க. எழுதியது:

முந்துமணம், தங்குமணம், தாங்கெண்ணெய் மூன்றும் வினைத்தொகை. நடுமணம் மட்டும் இடறுகிறது. ஆனால் 'நடு' என்பதை நடுதல் என்னும் வினையாகக் கொண்டால் நட்ட மணம், நடுகின்ற மணம், நடும் மணம் என்று அதுவும் வினைத்தொகையே. ஏற்கிறேன்.

தே. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அச்சுக்கு இப்படிப் போகிறது: நறுமண எண்ணெய் (ஆய்வகத்தில் செய்வது 'செயற்கை மணத்திரவம்', முதல் பக்கத்திலேயே விளக்கம் உண்டு), தாங்கு எண்ணெய், முந்துமணம், நடுமணம், தங்குமணம், செறிவு குறைத்தல். புணர்ச்சியைப் பிரித்ததற்குப் புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும், 'தாங்கெண்ணெய்' பலருக்குப் படிக்க வரவில்லை.

புலவர் க. எழுதியது:

பொறுத்தேன், உடன்படவில்லை. என் தொகுப்பில் 'விரைநெய்' இருக்கும்.

இ. எழுதியது:

நானும் உடன்படவில்லை, வேறு காரணத்துக்காக. 'செறிவு குறைத்தல்' விளக்கம், சொல் அல்ல. அளவு அட்டவணையின் தலைப்பில் 'செறிவு குறைக்கப்பட்ட எண்ணெயின் செறிவு' என்று எழுத வேண்டி வரும். 'ஐதான எண்ணெயின் செறிவு' என்றால் முடிந்தது. அட்டவணையை எப்படித் தலைப்பிட்டீர்கள்?

தே. எழுதியது:

'எத்தனை துளி?' என்று.