நீல ஒளி: வீட்டுக் குழுவில் ஒரு ராத்திரி அரட்டை

மாலதி: 1932-இல் வந்த ஒரு ஜெர்மன் படம் பார்த்தேன், ‘நீல ஒளி’. இத்தாலியின் டோலமைட் மலையடியில் ஒரு கிராமம், பௌர்ணமி ராத்திரியில் உச்சியிலிருந்து நீல வெளிச்சம் வரும், அதைத் தேடி ஏறுகிற பையன்கள் எல்லாம் விழுந்து சாகிறார்கள். யுந்தா என்று ஒரு பெண்ணுக்கு மட்டும்தான் வழி தெரியும், அதனால் ஊரே அவளைச் சூனியக்காரி என்கிறது.

பிரபு: பேய்ப் படமா சித்தி?

மாலதி: இல்லடா. மேலே ஒரு குகை, உள்ளே பூராவும் படிகக் கல், நிலா பட்டால் ஒளிரும். அவ்வளவுதான்.

சேகர்: அது லெனி ரீஃபன்ஸ்டால் படம்தானே? ஹிட்லருக்குப் பிரசாரப் படம் எடுத்த அம்மா. அதைப் போய் ஏன் பார்க்கிறாய்?

மாலதி: அவர் இயக்கிய முதல் படம் அண்ணா, யுந்தாவும் அவரேதான். ஹிட்லர் பதவிக்கு வருவதற்கு முந்தின வருஷம் வந்தது. ஊர்க்காரர்களாக வருகிறவர்கள் சார்ன்டால் பள்ளத்தாக்கின் நிஜ விவசாயிகள், அந்த முகங்களுக்காகவே பார்க்கலாம்.

தேன்மொழி: நானும் பார்த்திருக்கிறேன் அத்தை. எனக்கு அந்த வியன்னா ஓவியன் மேல்தான் கோபம். அவளைக் காதலிக்கிறான், பின்னாலேயே ஏறிப்போய் வழியைக் கண்டுபிடிக்கிறான், அப்புறம் எல்லாருக்கும் நல்லது என்று நினைத்து ஊருக்குச் சொல்லிவிடுகிறான். அவர்கள் ஒரு கல் விடாமல் பெயர்த்துக்கொண்டு வந்து விருந்து வைத்துக் குடிக்கிறார்கள். அடுத்த பௌர்ணமியில் வெளிச்சம் இல்லாமல் இவள் கை நழுவி விழுகிறாள். அவன் கெட்டவனாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

சேகர்: கதை நல்ல கதைதான், யார் இல்லை என்றது? அதை அவரோடு சேர்ந்து எழுதின பேலா பலாஷ் ஹங்கேரிய யூதர். மாஸ்கோ போன பிறகு தனக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்டார். 1933 டிசம்பரில் இந்த அம்மா அந்த விவகாரத்தை ஸ்ட்ரைகர் என்ற நாஜித் தலைவரிடம் ஒப்படைத்தார், யூத வெறுப்புப் பத்திரிகை நடத்திய ஆள். 1938-இல் படம் மறுபடி வந்தபோது பலாஷ் பெயரும் இல்லை, தயாரிப்பாளர் சோகால் பெயரும் இல்லை.

பிரபு: அப்படியென்றால் குகையைக் காலி செய்தது யார் மாமா 🙄

மாலதி: இது எனக்குத் தெரியாது அண்ணா. ஆனாலும் யுந்தா பாவம் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது, அதை எடுத்தது யாராக இருந்தாலும்.

தேன்மொழி: பாவம்தான். அப்பா சொல்வதும் சரிதான். நீங்கள் ஒருதடவை பாருங்கள் அப்பா, பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

சேகர்: சரி. பலாஷ் பெயர் போட்ட பிரதி கிடைத்தால் அனுப்பு, அது இல்லாததை நான் பார்ப்பதாக இல்லை.